ஒரு மூடையா, மூன்று மூடையா? – வீட்டுச் சீலிங் கற்றுத் தந்த வியாபாரப் பாடம்

புறக்கோட்டைக்குத் துணி எடுக்க வரும் வெளியூர் வியாபாரி எவரும் மீற்றர் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டுவதில்லை. துணியைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்து நெசவைப் பார்ப்பார். சாயம் போகுமா, எத்தனை சதவீதம் பருத்தி என்று துருவித் துருவிக் கேட்பார். இருபத்தைந்து வருடமாக இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பழகிய நான், எனது வீட்டுச் சீலிங்கைத் திருத்தும் வேலையைக் கொடுத்தபோது மட்டும் சதுர அடி என்ன விலை என்பதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. அதனால் பட்ட நஷ்டத்தை வெளியே சொல்வதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும், வீட்டு வேலை கொடுப்போருக்கும் எடுப்போருக்கும் அதற்கான பொருட்களை விற்போருக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதால் எழுதுகிறேன்.

தெஹிவளையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடி 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. கடல் கூப்பிடு தூரம். ஹோலின் சீலிங் என்பது மேல்மாடிக்காரரின் நிலத்தைத் தாங்கும் கொங்கிரீட் தட்டின் அடிப்பக்கம்தான். பலகை அடித்துக் கொங்கிரீட் வார்த்தால் பலகையின் இணைப்புகள், மேடு பள்ளங்கள் எல்லாம் கீழே தெரியும். அவற்றைச் சாந்து பூசிச் சமப்படுத்தச் செலவாகும். அதற்குப் பதிலாகச் சொரசொரப்பான பூச்சைத் தெளித்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும். அந்தக் காலத்தில் அது நாகரிகமாகவும் தெரிந்தது. முப்பது வருடம் கழித்துப் பார்த்தால், அந்த முட்களுக்கிடையே தூசும் நூலாம்படையும் சேர்ந்து, சமையல் புகை படிந்து மஞ்சளாகிக் கிடந்தது. தும்புத்தடியால் துடைத்தால் கீழே இருப்பவர் தலையில் மாவாகக் கொட்டும். மகளின் கலியாணம் நெருங்கியதால், அதைச் சமப்படுத்தி வெள்ளை பூசிவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

மூன்று விலைகள்

மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாமவர் தொலைபேசியிலேயே சதுர அடி விலையைச் சொன்னார். வீட்டைப் பார்க்கவும் வரவில்லை. இரண்டாமவர் வந்து, அண்ணாந்து பார்த்து, முதலாமவரை விடச் சற்றுக் கூட்டிச் சொன்னார். மூன்றாமவர் களுத்துறைப் பக்கத்து வயதான சிங்கள பாஸ் ஒருவர். ஏணி கேட்டார், ஏறினார், சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போனார். இறங்கி வந்து, "முதலாளி, இப்ப இந்த வேலையச் செய்ய ஏலாது. அந்த மூலையில தண்ணி இருக்கு. முதல்ல மேல்வீட்டு பாத்ரூமப் பாக்க வேணும்" என்றார். விலையும் முதலாமவர் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதுவும், மேலே திருத்தி, காய்ந்த பிறகுதான்.

கலியாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. வேலை செய்ய மாட்டேன் என்பவருக்கு இரண்டு மடங்கு கொடுப்பதா என்று நினைத்தேன். முதலாமவருக்கே முற்பணம் கொடுத்தேன். நான்கு நாளில் வேலை முடிந்தது. சீலிங் பளபளவென்று இருந்தது. கலியாணத்துக்கு வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். பாஸின் சுத்தியலை நினைத்துச் சிரித்தேன்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின், சாப்பாட்டுத் தட்டளவு துண்டொன்று விழுந்தது. உம்மா வழமையாக அமரும் கதிரைக்கு ஒரு முழம் தள்ளி. அந்த நேரத்தில் அவர் உள்ளே இருந்தது எங்கள் நல்ல காலம். விழுந்தது புட்டி மட்டுமல்ல, அதனோடு ஒரு கை அகலத்துக்குக் கொங்கிரீட்டும் பெயர்ந்திருந்தது. உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் தெரிந்தது. வேலை செய்தவரின் தொலைபேசி பதிலளிக்கவில்லை. என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. பற்றுச்சீட்டு கூட இல்லை.

பாஸ் சொன்ன காரணம்

வெட்கத்தை விட்டு அந்த வயதான பாஸைத் திரும்ப அழைத்தேன். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. விழுந்த துண்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். புட்டியின் பின்பக்கத்தில் பழைய பெயின்ட் மாவாக ஒட்டியிருந்தது. அதாவது, புட்டி சீலிங்கைப் பிடிக்கவேயில்லை. தூசைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது. பழைய பூச்சைச் சுரண்டவில்லை, கழுவவில்லை, பிடிப்புக்கான பிரைமர் அடிக்கவில்லை. போதாததற்கு, ஜிப்சம் கலந்த உட்புறப் புட்டியைப் பூசியிருக்கிறார்கள். அது தொடர்ந்து ஈரம் பட்டால் இளகிவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரிது. மேல்வீட்டுக் குளியலறையின் நிலத்தில் ஓடுகளுக்கிடையே இருந்த சாந்து போய்விட்டிருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது சீமெந்தின் காரத்தன்மை. காலப்போக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடலோரத்தில் உப்பும் உள்ளே போய்ச் சேர்கிறது. ஈரமும் கூடும்போது கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். இரும்பு துருவாக மாறும்போது அது அடைக்கும் இடம் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். அந்த நெருக்கத்தில் கீழே உள்ள கொங்கிரீட் வெடித்துப் பிரியும். சுத்தியலால் தட்டும்போது நல்ல இடத்தில் கணீரென்றும், பிரிந்த இடத்தில் பொத்தென்றும் சத்தம் கேட்பது இதனால்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாஸ் வேலையை மறுத்திருக்கிறார். நானோ அதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன்.

தொடர்மாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எனது சீலிங்கின் நோய் அடுத்தவர் வீட்டில் இருந்தது. மேல்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சண்டை போடாமல், பாஸையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். வடிகான் துளையை அடைத்து, குளியலறை நிலத்தில் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டோம். மறுநாள் எங்கள் மூலையில் ஈரம் படர்ந்தது. அதன் பிறகு வாதாட ஒன்றும் இருக்கவில்லை. அவரே நீர்க்காப்புப் பூச்சு இட்டு ஓடு மாற்றினார்.

எல்லோருக்கும் இப்படிப்பட்ட அயலவர் கிடைப்பதில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின் கீழ் இயங்கும் கட்டடங்களில் உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உண்டு. அங்கும் தீராவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. கம்பி வெளியே தெரியும் கொங்கிரீட்டை உங்கள் வீட்டு விடயமாக மட்டும் எண்ணி மூடி மறைக்காதீர்கள். அந்தத் தட்டு முழுக் கட்டடத்துக்கும் உரியது. பெயர்ந்த இடம் பெரிதாக இருந்தால் பாஸும் போதாது, பொறியியலாளர் ஒருவர் பார்க்க வேண்டும்.

முறையாகச் செய்தால்

மேலே திருத்தியதும் பாஸ் உடனே வேலையைத் தொடங்கவில்லை. சீலிங்கில் பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டார். உள்ளே வியர்த்திருந்தது. இன்னும் காத்திருந்தார். ஆறாவது வாரத்தில்தான் பொலித்தீன் உலர்ந்திருந்தது.

பிறகு பெயர்ந்த இடத்தை நல்ல கொங்கிரீட் வரும் வரை கொத்தி, கம்பியின் பின்பக்கம் வரை துருவைச் சுரண்டி, துரு தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கென்று விற்கும் திருத்தச் சாந்தால் நிரப்பினார். மற்ற இடங்களில் முட்களின் நுனியைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே தட்டையாகச் சுரண்டினார். தூசைக் கழுவினார். பழைய நீர்க்கறைக்குக் கறை தடுக்கும் பிரைமரும், மற்ற எல்லா இடத்துக்கும் பிடிப்புப் பிரைமரும் அடித்தார். அதன் மேல் சீமெந்துப் புட்டியை மூன்று கோட்டாகப் பூசினார். முதல் கோட் பள்ளங்களை நிரப்ப. இரண்டாவது, முதலாவதற்குக் குறுக்குத் திசையில். மூன்றாவது மெல்லியதாக. ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகே அடுத்தது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிப் பிடித்து அடிக்கச் சொன்னார். பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் எல்லாம் நிழலாகத் தெரிந்தது. அவற்றைப் பென்சிலால் குறித்து, மறுநாள் தேய்த்துச் சரிசெய்தார். கடைசியாகப் பூசியது மினுக்கம் இல்லாத மட் எமல்ஷன். மினுங்கும் பெயின்ட் சீலிங்கின் சிறு குறையையும் காட்டிக்கொடுக்கும். கடைசிக் கோட்டின் ரோலரை ஜன்னல் வெளிச்சம் வரும் திசையிலேயே உருட்டினார்.

தூசு பற்றியும் ஒரு வார்த்தை. அரைக்கும் மெஷினை வைத்து ஒரே நாளில் சமப்படுத்தித் தருவதாகச் சொல்வோர் உண்டு. தூசு உறிஞ்சும் கருவி இல்லாமல் கொங்கிரீட்டை அரைத்தால் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசு எழும். அதை 1997ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. பழைய சொரசொரப்புப் பூச்சுகளில் இன்னொரு அபாயமும் இருக்கலாம். பிரித்தானியாவில் 1980களின் நடுப்பகுதி வரை விற்கப்பட்ட இவ்வகைப் பூச்சுகள் சிலவற்றில் வெள்ளை அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. பழைய பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் சுரண்டாமல், ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்ப்பதே சரி. கூலிக்கு வரும் பையனுக்குத் துணியைக் கட்டிவிட்டு ஏணியில் ஏற்றுவது நியாயமான வியாபாரம் ஆகாது. அதற்கென்றுள்ள மாஸ்க் வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவும் விலைக்குள் வர வேண்டும்.

மூடைக் கணக்கு

இப்போது விலை வித்தியாசத்துக்கு வருவோம். எங்கள் ஹோல் 12 அடிக்கு 14 அடி, அதாவது 168 சதுர அடி. மீற்றர் கணக்கில் ஏறத்தாழ 15.6 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீமெந்துப் புட்டி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ போகும். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும், மூடையின் பின்புறம் அச்சிட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீற்றர் மட்டும் பூசினால் 23 கிலோ சொச்சம். 25 கிலோ மூடை ஒன்று போதும். முட்களையும் பள்ளங்களையும் உண்மையாகவே மூடி, சராசரி மூன்று மில்லிமீற்றர் பூசினால் 70 கிலோ. மூன்று மூடை.

வேலை முடிந்த அன்று இரண்டும் ஒரே வெள்ளைதான். ஒரு மூடைக்காரரின் வேலையும் மூன்று மூடைக்காரரின் வேலையும் புகைப்படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பிரைமர் அடித்ததும் அடிக்காததும் தெரியாது. கழுவியதும் கழுவாததும் தெரியாது. வாங்குபவர் பார்க்க முடியாத இடத்தில்தான் இந்தத் தொழிலின் செலவு முழுவதும் இருக்கிறது. சதுர அடி விலையை மட்டும் கேட்பவர், தன்னை அறியாமலேயே ஒரு மூடைக்காரரைத் தேர்ந்தெடுக்கிறார். நான் செய்தது அதுதான்.

எனவே முதல் குற்றவாளி நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நேர்மையாகத் தொழில் செய்யும் எமது பாஸ்மாரிடமும் கொந்தராத்துக்காரர்களிடமும் ஒரு கேள்வி. மூன்று மூடை போடுபவர் அதை ஏன் எழுதிக் கொடுப்பதில்லை? அந்தக் களுத்துறை பாஸே வாயால்தான் விலை சொன்னார். "சுரண்டுதல், கழுவுதல், பிரைமர் ஒரு கோட், புட்டி மூன்று கோட், மொத்தம் மூன்று மூடை, பெயின்ட் இரண்டு கோட், காயும் காலம் இத்தனை நாள்" என்று ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால், அடுத்தவரிடமும் அதையே எழுதித் தரும்படி கேட்டிருப்பேன். அப்போது அவருடைய விலை கூடியதல்ல என்பது எனக்குப் புரிந்திருக்கும். எழுதாத காரணத்தால் நல்ல வேலைக்காரர் மலிவு வேலைக்காரரிடம் தோற்றுப்போகிறார். தோற்றுத் தோற்று, கடைசியில் அவரும் ஒரு மூடைக்கு இறங்கிவிடுகிறார். அதுதான் இந்தத் தொழிலுக்கு நேரும் பெரிய நஷ்டம்.

என்ன எழுத வேண்டும்?

பெரிய நிறுவனங்களைப் போலப் பத்துப் பக்க ஒப்பந்தம் தேவையில்லை. ஒரு தாள் போதும். எந்த இடம், எத்தனை சதுர அடி, என்னென்ன படி, எந்தப் பொருள், எத்தனை மூடை, எத்தனை கோட், எத்தனை நாள். எதெல்லாம் விலையில் அடங்காது என்பதும் இருக்க வேண்டும். மேல்வீட்டுக் கசிவைத் திருத்துவது சீலிங் பாஸின் பொறுப்பல்ல என்பதைப் போல. விலை எந்தத் திகதி வரை செல்லும் என்பதும் முக்கியம். 2022ஆம் ஆண்டில் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, திகதி போடாமல் விலை சொன்ன எத்தனை பேர் கைப்பணத்தைப் போட்டு வேலை முடித்தார்கள் என்பது எமக்குத் தெரியும்.

பணத்தையும் படிப்படியாகக் கொடுக்கலாம். பொருள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, பிரைமர் அடித்ததைக் கண்ணால் பார்த்ததும் ஒரு பங்கு, டோர்ச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு. பெரிய கட்டட ஒப்பந்தங்களில் ஒரு சிறு விகிதத்தை நிறுத்திவைத்து, குறைபாட்டுக் காலம் முடிந்த பின் கொடுப்பது வழக்கம். வீட்டு வேலையிலும் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்க இருவரும் உடன்படலாம். ஆனால் தவணை வந்ததும் கேட்காமலே அதைக் கொடுத்துவிட வேண்டும். கூலிக்காரனை அலைக்கழிக்கும் பழக்கம் எங்களிலும் சிலரிடம் இருக்கிறது. முதலாளிமார் கோபிக்க வேண்டாம். பாஸ்மார் பெரிய முற்பணம் கேட்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ஹாட்வெயார் கடை வைத்திருப்போருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒருவர் வந்து புட்டி மூடை ஒன்று கேட்டால், எடுத்துக் கொடுத்துப் பில் போடுவது சுலபம். "எத்தனை சதுர அடி? பழைய பெயின்ட் மேலேயா? ஈரம் இருக்கிறதா?" என்று மூன்று கேள்வி கேட்டால், பிரைமரும் போகும், சரியான புட்டியும் போகும். ஈரம் இருக்கிறது என்று சொன்னால், இன்று எதுவும் வாங்காதீர்கள், முதலில் கசிவைத் திருத்துங்கள் என்று அனுப்பிவிடவும் வேண்டும். ஜிப்சம் போர்ட்டோ பீ.வீ.சீ. பலகையோ அடித்து எல்லாவற்றையும் மறைத்துவிடலாம் என்று விற்பது இன்னும் சுலபம். காய்ந்த, உறுதியான சீலிங்குக்கு அது நல்ல வழிதான். உயரத்தில் சில அங்குலம் போகும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால், கசியும் தட்டுக்குக் கீழே பலகை அடித்தால் கம்பி துருப்பிடிப்பது நிற்காது. விழும் வரை தெரியாது என்பது மட்டுமே வித்தியாசம்.

வாடிக்கையாளர் மலிவைத்தானே கேட்கிறார், நாம் என்ன செய்வது என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. இன்றைய விலைவாசியில் இரண்டு மடங்கு கொடுக்க எல்லோராலும் முடியாது. அப்படிப்பட்டவருக்கும் வழி உண்டு. முழுச் சீலிங்கையும் சமப்படுத்தாமல், உதிரும் இடத்தை மட்டும் திருத்தி, சொரசொரப்பை அப்படியே விட்டு, கழுவிப் பிரைமர் அடித்து வெள்ளை பூசலாம். கண்ணாடி போல இருக்காது, ஆனால் விழாது. குறைந்த பணத்துக்குக் குறைந்த வேலை என்று சொல்லிச் செய்வதில் தவறேயில்லை. முழு வேலை என்று சொல்லிவிட்டுக் குறைந்த வேலை செய்வதில்தான் தவறு இருக்கிறது.

எனது கணக்கை முடித்துவிடுகிறேன். முதலாமவருக்குக் கொடுத்தது, பாஸுக்குக் கொடுத்தது, விழுந்ததைச் சுரண்டி எடுத்த கூலி எல்லாம் சேர்த்தால், ஆரம்பத்திலேயே பாஸிடம் கொடுத்திருக்க வேண்டியதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. பாஸுக்கோ, வேலையை மறுத்ததால் முதலில் நஷ்டம். ஆனால் எங்கள் கட்டடத்தில் மட்டும் இதுவரை மூன்று வீட்டுச் சீலிங் அவரிடம் போயிருக்கிறது. மூன்று வீட்டுக்காரரும் என்னிடம் கேட்டுத்தான் அவரை அழைத்தார்கள். கடைசி வேலைக்கு அவர் விலையைத் தாளில் எழுதிக் கொடுத்தார். எழுதியது அவருடைய மகன், எழுதச் சொன்னது நான்.

உம்மாவின் கதிரை இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் மாதத்துக்கு ஒரு முறை நான் ஏணியில் ஏறி அந்த மூலையைத் தட்டிப் பார்க்கிறேன்.